வெளிப்பக்கத்துக் கை

பெர்ம், 4 அக்டோபர் 1981

அன்புள்ள ரிம்மா அக்காவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். உயிரோடு இருக்கிறேன், மூக்கு மட்டும் ஒழுகுகிறது. நீயும் அம்மாவும் சுகமா? குளிர் தொடங்கியதும் உன் இடுப்பு வலிக்க ஆரம்பித்திருக்குமே? கிளம்பும்போது பயணத்துக்கு முன் வழக்கப்படி மூன்று பேரும் பெட்டிமேல் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார்ந்தோம். அப்போது உன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். பார்த்திருந்தால் ரயில் ஏறியிருக்க மாட்டேன்.

இங்கே விடியலே தராசில்தான். கோச் பெல்லா நவுமோவ்னா எங்கள் எடையைச் சுண்ணக்கட்டியால் பலகையில் எழுதுகிறார், ஊரே பார்க்கட்டும் என்று. நேற்றைவிட இருநூறு கிராம் கூடிவிட்டேன். "இது எங்கேருந்து வந்துச்சு? காத்தைக் குடிச்சியா?" என்றார். குடித்தது தண்ணீர்தான், அக்கா.

அடுத்தது உன் ரோதியோன். ஐந்து வருஷம் ஜோடிப் பனிச்சறுக்கு ஆட்டத்தில் உன்னைத் தலைக்கு மேல் தூக்கியவன் இப்படி ஒரு அலமாரி என்று நீ சொல்லவே இல்லையே! மேலேயிருந்து என்னைப் பார்த்துவிட்டு, "இதுதான் தங்கச்சியா? பாதிதான் வந்திருக்கு. மீதி பார்சல்ல வருதா?" என்றான். "மீதியையும் தூக்க உனக்குத் தெம்பு பத்தாதுன்னு ஊர்லயே விட்டுட்டு வந்தேன்" என்றேன். சிரிக்கக்கூட இல்லை, முசுடு.

பெரிய தலைவலி வேறு. எல்லோரும் இடப்பக்கம் சுழல்கிறார்கள், நான் ஒருத்திதான் வலப்பக்கம். தனியாக ஆடியவரை அதை யாரும் கேட்கவில்லை. ஜோடி என்றால் இருவரும் ஒரே பக்கம் சுழல வேண்டும், மாற வேண்டியது எப்போதும் பெண்தான். பத்து வருஷம் வலது கையால் எழுதினவளை இனிமேல் இடது கையால் எழுது என்கிறார்கள். மார்ச் இருபதாம் தேதி தேர்வு. அதில் தேறாவிட்டால் எனக்கும் வெளியே வழி, அவனுக்கும் வெளியே வழி.

போன மார்ச்சில் நீ அவன் கையிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதும் இதே பனித்தரையில்தான். எந்த இடம் என்று யாரும் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஒரு முத்தம், உனக்கு இரண்டு. கம்பளிக் காலுறை அனுப்பு.

நிகா

*

கினேஷ்மா, 12 அக்டோபர் 1981

அன்புள்ள நிகாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்கு நெசவாலையில் இந்த வாரம் காலை ஷிஃப்ட். என் இடுப்பைப் பற்றி விசாரித்தாய், அது வானிலை அறிக்கையைவிடச் சரியாக மழை சொல்கிறது.

தபால் ஆபீசில் என்னை முத்திரை மேசைக்கு மாற்றிவிட்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. காலையில் தேதிச் சக்கரத்தை ஒரு பல் திருப்ப வேண்டும், பிறகு சாயங்காலம்வரை தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உன் கடிதத்தின் முதுகிலும் நான்தான் போட்டேன். ரோதியோனை அலமாரி என்று எழுதியிருப்பது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பலமாகப் போட்டிருப்பேன்.

அவன் முசுடு இல்லை. அநாதை இல்லத்தில் வளர்ந்தவன், யாராவது நன்றாகப் பேசினால் எங்கே அடி விழும் என்று பார்ப்பான். அந்தப் பனித்தரையை விட்டால் அவனுக்குப் போகிற இடம் ஒன்றும் கிடையாது. அதை மனதில் வைத்துக்கொண்டு கேலி செய்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அவன் உன்னைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வட்டம் வரும்போது, பாரம் இரண்டு கையிலும் சமமாக இருக்க வேண்டும் என்பார் பெல்லா. தலையை ஆட்டிவிடு. ஆனால் உன் பாரத்தை அவனுடைய வெளிப்பக்கத்துக் கையில் வை. வட்டத்தின் நடுவைப் பார்த்த கை உள்கை, விளிம்பைப் பார்த்தது வெளிக்கை. எப்போதும் வெளிக்கைதான். ஐந்து வருஷமும் நான் அப்படித்தான் செய்தேன். நான் சொன்னதாக யாரிடமும் மூச்சுவிடாதே, அவனிடமும்தான்.

விழுந்தது என் தப்பு. என் சறுக்குக் காலணியின் பிளேடு அவன் சட்டையில் மாட்டியது. விசாரணையில் எழுதிக் கொடுத்ததும் அதுதான். திரும்பத் திரும்ப அதைக் கிளறாதே.

காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். தொண்டையை மூடிக்கொண்டு போ.

ரிம்மா

*

பெர்ம், 2 நவம்பர் 1981

என் அருமை அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? என்னைக் கேட்காதே. முழங்கால் இரண்டும் கத்திரிக்காய் நிறம். மற்றபடி நலம். காலுறை கதகதப்பாக இருக்கிறது, அம்மா கையைப் பிடித்து முத்தமிடு.

அலமாரியும் நானும் ஒரு நாளில் ஒன்பது முறை சண்டை போடுகிறோம். காலையில் நான் இடப்பக்கம் சுழலத் தொடங்கிப் பாதியில் திகைத்து நின்றேன். "நீ சுத்துறியா, இல்ல வழி கேக்குறியா?" என்றான். "உன்னை மாதிரி ஆள் குறுக்கே நின்னா வழி கேக்காம என்ன பண்றது?" என்றேன். பெல்லா நவுமோவ்னா இருவரையும் அரங்கைச் சுற்றி இருபது முறை ஓடவிட்டார். ஓடும்போதும் சண்டைதான்.

ஆனால் உன் யோசனை இருக்கிறதே, அது தங்கம். போன செவ்வாய் அவன் முதல்முறையாக என்னை முழு உயரத்துக்குத் தூக்கினான். இடப்பக்க வட்டம், வெளிக்கை அவனுடைய வலது கை. பாரத்தை முழுக்க அதில் சாய்த்தேன். கீழே இறக்கியதும் அப்படியே நின்றான். "இப்படிச் சாய யாரு சொல்லிக்குடுத்தா?" "யாரும் இல்ல. பிறந்ததே அப்படித்தான்." மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அவனுடைய ஊறுகாய் வெள்ளரியைப் பேசாமல் என் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இந்த ஊரில் அது மாலை மரியாதை மாதிரி.

ஏன் வெளிக்கை? இரண்டு கையும் அவனுடையதுதானே? காரணம் சொல், மண்டை குடைகிறது.

உன்னையும் அம்மாவையும் கட்டிக்கொள்கிறேன்.

நிகா

*

கினேஷ்மா, 11 நவம்பர் 1981

அன்புள்ள நிகாவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். அம்மாவுக்குச் சளி, ராஸ்ப்பெரி ஜாம் போட்ட டீயில் அடங்கிவிட்டது. முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் தடவு.

வெளிக்கைக்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. பார்க்க அழகு, நடுவர்களுக்குப் பிடிக்கும். அவ்வளவுதான்.

ரோதியோன் சாம்பல் நிற மஃப்ளர் போடுகிறானா? அவனுக்குத் தொண்டை சீக்கிரம் கட்டும். போடச் சொல். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. கைத்தடி வழுக்குகிறது என்று அதன் நுனியில் அம்மா ஒரு ஆணி அடித்துக் கொடுத்திருக்கிறாள். நடந்தால் டொக் டொக் என்று சத்தம். தபால் வண்டிக்காரர், "ரிம்மா வர்றா, எல்லாரும் வேலை பாக்குற மாதிரி நடிங்கப்பா" என்கிறார்.

முத்தங்களுடன்,
ரிம்மா

*

பெர்ம், 15 டிசம்பர் 1981

அக்கா,

நலமா? அம்மா நலமா? நான் நலமில்லை, பொய் சொல்லப்போவதில்லை.

மூன்று வாரமாகத் தலை நிற்கவில்லை. இடப்பக்கம் சுழன்றுவிட்டு வந்து படுத்தால் கட்டிலும் இடப்பக்கம் சுழல்கிறது. குதிக்கும்போது உடம்பு தானாகப் பழைய பக்கம் திரும்பிவிடுகிறது, முகம் குப்புற விழுகிறேன். நேற்று பெல்லா நவுமோவ்னா எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பிப்ரவரி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள உன் மண்டை திரும்பலைன்னா டிக்கெட் நானே வாங்கித் தரேன். இவனுக்கு ரெண்டாவது ஜோடியும் போச்சுன்னா மூணாவது கிடைக்காது. ஆலைக்குப் போய் மூட்டை தூக்கட்டும்."

பனி வழிக்கும் வண்டி நிற்கிற கொட்டகைக்குள் போய் அழுதேன். அவன் தேடிக்கொண்டு வந்தான். தெர்மாஸ் மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தான். பிறகு தானாகவே உன் பேச்சை எடுத்தான்.

எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது என்னவென்று உனக்குத் தெரியும். விழுந்தால் தரை முதலில் பையனுக்கு, அப்புறம்தான் பெண்ணுக்கு. அவன் கீழே பாய்ந்து மெத்தை மாதிரி விழ வேண்டும். "அன்னைக்கு ரிம்மாவுக்குக் கீழ நான் வரல" என்றான். "அவ தனியா விழுந்தா. நான் மடிஞ்சு உக்காந்துட்டேன்." ஏன் என்று கேட்டேன். "வர முடியல." "பயந்துட்டியா?" "ஆமான்னு வெச்சுக்கோ." பொய் சொல்லும்போது அவன் காது சிவக்கிறது. கொட்டகை இருட்டிலும் தெரிந்தது.

என்ன நடந்தது, அக்கா? பிளேடு மாட்டியது என்று நீ சொல்கிறாய். பிளேடு மாட்டினால் அவன் ஏன் மடிந்து உட்கார வேண்டும்?

மஃப்ளர் போடுகிறான். ஆணியில் தொங்கவிடாமல் மடித்து வைக்கிறான்.

உன் நிகா

*

கினேஷ்மா, 3 ஜனவரி 1982

அன்புள்ள நிகாவுக்கு,

புத்தாண்டு உனக்கு ஆரோக்கியத்தோடு வரட்டும். பதில் தாமதமாகிவிட்டது, பண்டிகை வாழ்த்து அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. முத்திரை தட்டித் தட்டித் தோள் இறங்கிப்போனது.

அம்மா மூன்று மணி நேரம் வரிசையில் நின்று ஆரஞ்சு வாங்கி வந்தாள். உனக்கு நான்கு தனியாக வைத்தாள், நீ வர மாட்டாய் என்று தெரிந்தும். ஐந்தாம் நாள் நாங்களே தின்றுவிட்டோம்.

அடுப்பிலிருந்து ஜன்னல்வரை தடி இல்லாமல் நடந்தேன். பதினோரு அடி. யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன்.

தலைசுற்றலுக்கு எலுமிச்சைத் துண்டை நாக்குக்கு அடியில் வைத்துக்கொள். ரோதியோன் பயந்தவன் இல்லை. இதற்கு மேல் கேட்காதே.

அவன் காது சிவப்பதை நீ எப்போதிலிருந்து கவனிக்கிறாய்?

உன் அக்கா ரிம்மா

*

பெர்ம், 28 ஜனவரி 1982

என் தங்க அக்காவுக்கு,

நலம், நலம், நலம்! இந்த முறை உண்மையாகவே நலம். பதினோரு அடி! படித்துவிட்டுக் கட்டில்மேல் ஏறிக் குதித்தேன், பக்கத்துக் கட்டில்காரி தலையணையை வீசினாள். இப்போது எத்தனை அடி? அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி?

விஷயத்துக்கு வருகிறேன். இருபத்து நான்காம் தேதி என் பிறந்தநாள் அல்லவா? அலமாரி கார்னேஷன் பூக்களோடு விடுதிக்கு வந்தான். வாசலில் காவல் இருக்கும் க்ளாவா அத்தை பூவை எண்ணிவிட்டுக் கத்திய கத்தில் மூன்றாம் மாடியிலிருந்து ஓடிவந்தேன். "நாலு பூவா? பொண்ணு செத்தா போயிட்டா? ரெட்டைப்படையில பொணத்துக்குத்தான்டா குடுப்பாங்க! இதைச் சொல்லிக்குடுக்க உனக்கு ஒரு ஆள் இல்லையா?" "இல்ல" என்றான், அப்பாவியாக. அவள் முகம் மாறிவிட்டது. ஒரு பூவை உருவித் தன் டீ டம்ளரில் போட்டுக்கொண்டு மூன்றை என்னிடம் கொடுத்தாள்.

மறுநாள் காலைப் பயிற்சியில் நான் மறுபடியும் குப்புற விழுந்தேன். எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தேன். மேலே அவன் குரல் கேட்டது: "பெல்லா நவுமோவ்னா, அவளை விடுங்க. நான் திரும்பிக்கிறேன்."

புரிகிறதா, அக்கா? அவன் வலப்பக்கம் மாறுகிறானாம், எனக்காக! எந்தப் பையனும் எந்தப் பெண்ணுக்காகவும் இதுவரை செய்யாதது. கோச் கத்தினார்: "இருபத்திநாலு வயசுல புதுசா சுத்தப் போறியா? சர்க்கஸ் கரடிகூட இந்த வயசுல கத்துக்காது!" "நான் கரடியைவிட முட்டாள். கத்துக்குவேன்" என்றான். அன்று அவன் வலப்பக்கம் சுழன்று விழுந்தது, அலமாரி மாடிப்படியில் உருண்ட மாதிரி. நான் சிரித்தேன், பிறகு அழுதேன். இப்போது தினமும் விடிவதற்கு முன்பே வந்து தனியாகப் பழகுகிறான்.

எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது. சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்கும் அவனுக்கும் நடுவில் ஏதாவது இருந்ததா? இருந்திருந்தால் இப்போதே ஒரு வார்த்தை எழுது. ஒதுங்கிவிடுகிறேன், அம்மாமேல் சத்தியம்.

நிகா

*

(தபால் அட்டை)

கினேஷ்மா, 14 பிப்ரவரி 1982

நிகா, அனைவரும் நலம். அம்மா விசாரித்தாள். கேட்டதற்குப் பதில்: எங்களுக்குள் ஒன்றும் இருந்ததில்லை. ஜோடியாக ஆடினோம், அவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள். ரி.

*

பெர்ம், 24 பிப்ரவரி 1982

அன்பு அக்காவுக்கு,

சௌக்கியமா? உன் அட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன். எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது தெரியுமா! கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கலாம், கஞ்சப்பிசினாறி.

நாங்கள் பதிவு அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டோம். ஏப்ரல் இருபத்து நான்காம் தேதி கல்யாணம். அம்மாவுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், மயங்கி விழுந்தால் பிடித்துக்கொள். ரோத்யா (ரோதியோனை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறேன்) கேட்டான், "ரிம்மா வருவாளா?" என்று. "தடி இல்லாம நடந்து வருவா" என்றேன். எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டான். நீ வருவாய் அல்லவா?

வலப்பக்கம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. போன வாரத்திலிருந்து உயரத் தூக்குவதும் வலப்பக்க வட்டத்தில்தான். உன் பாடத்தை மறக்கவில்லை, கவலைப்படாதே. எப்போதும் வெளிக்கைதான். வட்டம் திரும்பிவிட்டதால் வெளிக்கை இப்போது அவனுடைய இடது கை. பாரம் முழுக்க அதில். பெல்லா நவுமோவ்னாவே, "பறவை மாதிரி இருக்கே" என்றார்.

அவன்தான் கொஞ்சம் களைத்திருக்கிறான். தூக்கி இறக்கியதும் உடை மாற்றும் அறைக்குப் போய்க் கால் மணி நேரம் வருவதில்லை. டீ குடிக்கும்போது இடது கை பையிலேயே இருக்கிறது. கேட்டால், "குளிருது" என்கிறான், காது சிவக்கிறது. தேர்வுப் பயம் என்று நினைக்கிறேன். இன்னும் இருபத்து நான்கு நாள்தான்.

எங்களுக்கு வாழ்த்துச் சொல்லு, அக்கா. உன் வாழ்த்து இல்லாமல் எனக்கு ருசிக்காது.

நிகா (இன்னும் இரண்டு மாதத்துக்குப் பழைய குடும்பப் பெயரிலேயே)

*

கினேஷ்மா, 2 மார்ச் 1982

நிகா,

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மா மயங்கவில்லை, அழுதாள், பிறகு தலையணை உறைக்குத் துணி வெட்ட உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஒன்றுமில்லை.

இதைப் படித்ததும் தூக்குவதை நிறுத்து. தேர்வுக்காகக்கூட வேண்டாம். ரோதியோனுடைய இடது தோள் கழன்றுவிடும். பதினெட்டு வயதில் ஒருமுறை கழன்றது. அதிலிருந்து பாரம் தாங்காது. மருத்துவக் குழுவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே அவன் ஆட்டம் முடிந்தது. அதனால் மறைத்தான், அதனால் நானும் மறைத்தேன். அவனுக்காகத்தான் வெளிக்கையில் சாயப் பழகினேன். இடப்பக்க வட்டத்தில் வெளிக்கை வலது கை, நல்ல கை. உனக்கு அதைச் சொன்னபோது, 'இடது கையில் சாயாதே' என்று நேராக எழுதியிருக்க வேண்டும். எழுதினால் ஏன் என்று கேட்பாய், உன் வாயில் எதுவும் நிற்காது. பாதியைச் சொன்னேன். வட்டத்தையே திருப்புவான் என்று யார் கண்டது?

போன மார்ச்சில் அந்தத் தோள் கழன்றுதான் நான் விழுந்தேன். அவன் பயந்து உட்காரவில்லை, வலியில் மடிந்தான். பிளேடு எதுவும் மாட்டவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில் என்மேல் பழி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் வேண்டாம் என்று அழுதான். அவனை வெளியே தள்ளிவிடுவார்கள் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். எனக்கு அவன்மேல் உயிர். அட்டையில் எழுதியது பொய்.

வலித்தாலும் உன்னிடம் சொல்ல மாட்டான். சொன்னால் நீ மறுபடி இடப்பக்கம் திரும்பப் பார்ப்பாய், தலை சுற்றும், உன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவான். இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டு. பெல்லாவிடமும் காட்டு. வேலை போனால் போகட்டும், இருவரும் முழுசாக இங்கே வாருங்கள். ஆலையில் மூட்டை தூக்கி யாரும் செத்துப்போவதில்லை.

வாழ்த்துகிறேன்.

ரிம்மா

*

பெர்ம், 21 மார்ச் 1982

ரிம்மா,

அம்மா நலமாக இருப்பாள் என்று நினைக்கிறேன். நான் நலம். எனக்கு ஒரு நகம்கூடப் பெயரவில்லை.

ரோத்யா இறந்துவிட்டான். ஒன்பதாம் தேதி காலைப் பயிற்சி. தூக்கி மூன்றாவது சுற்று வரும்போது எனக்குக் கீழே அவன் இடது கை இல்லாமல் போனது. தலைகீழாக வந்தேன். அவன் கத்தவில்லை, மடியவும் இல்லை. அந்தத் தோளோடு எனக்குக் கீழே பாய்ந்தான். பின்மண்டை பனியில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது, நான் அவன் நெஞ்சுமேல் கிடந்தேன். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை. பதினொன்றாம் தேதி போய்விட்டான். வீட்டுக்குத் தந்தி கொடுக்கவில்லை. யாருக்குக் கொடுப்பது, என்னவென்று கொடுப்பது?

அடக்கத்துக்கு ஆறு கார்னேஷன் வாங்கிப் போனேன். க்ளாவா அத்தை எண்ணிப் பார்த்தாள். ஒன்றையும் உருவவில்லை. சாம்பல் மஃப்ளரைக் கழுத்தில் கட்டி அனுப்பினேன். உள்மடிப்பில் 'ரி' என்று தைத்திருந்தது. அப்போதே எல்லாம் புரிந்தது, அதற்காக உன்மேல் கோபம் இல்லை. நீயும் அவனை நேசித்தாய், அவ்வளவுதானே.

அடக்கம் முடிந்து பதினாறாம் தேதி திரும்பி வந்தேன். வாசலில் ஒரு பார்சல், அம்மா தைத்த தலையணை உறைகள். கூடவே உன் கடிதம். நின்றபடியே படித்தேன். மேலே 2 மார்ச் என்று இருக்கிறது. உறையைத் திருப்பினால் கினேஷ்மா முத்திரை 12 மார்ச்.

கடிதம் இங்கே வர நான்கு நாள் ஆகும். ஆறாம் தேதி கையில் கிடைத்திருக்கும். நீ தபால் ஆபீசில் இருக்கிறாய். தந்தி மேசை உன் மேசைக்கு மூன்று அடி தள்ளி. 'தூக்க வேண்டாம்' என்று இரண்டு வார்த்தை.

ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பத்து நாள் கடிதம் எங்கே இருந்தது?

நிகா

*

கினேஷ்மா, 28 மார்ச் 1982

நிகாவுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அம்மா நலம். அவளுக்கு இன்னும் தெரியாது. தலையணை உறைகள் போய்ச் சேர்ந்தனவா என்று தினமும் கேட்கிறாள்.

கடிதம் என் மேசை இழுப்பறையில் இருந்தது, முத்திரை மைப் பெட்டிக்கு அடியில். எழுதி ஒட்டி அங்கே வைத்தேன். மூன்றாம் தேதி காலையில் சக்கரத்தைத் திருப்பினேன், நாளைக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். நான்காம் தேதியும் திருப்பினேன். ஐந்தாம் தேதியும். ஊரார் கடிதமெல்லாம் என் கையால் முத்திரை வாங்கிக்கொண்டு போனது, அது மட்டும் போகவில்லை. தந்தி மேசையைப் பார்த்தேன். பல முறை பார்த்தேன்.

ஏன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன், வேறு யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்காக அவன் ஒருநாளும் வட்டத்தைத் திருப்பவில்லை. ஐந்து வருஷம் நான்தான் அவனுக்காகச் சாய்ந்தேன். உன் கடிதத்தைப் படித்தபோது, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை இவளும் விழட்டுமே என்று தோன்றியது. பதினோரு அடி என்றால் என்னவென்று தெரியட்டும் என்று தோன்றியது. நீ சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. விழுவாய் என்று நினைத்தேன். அவன் உனக்குக் கீழே வந்து விழுவான் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குக் கீழே அவன் வரவில்லையே, நிகா.

பன்னிரண்டாம் தேதி அம்மா உறைகளை மடித்து, "கட்டி அனுப்பிடும்மா, தங்கச்சி சந்தோஷப்படுவா" என்று கையில் கொடுத்தாள். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஓடினேன். ஒரு வருஷத்தில் முதல்முறையாக, இந்த இடுப்போடு ஓடினேன். அதற்கு முந்தைய நாளே அவன் போய்விட்டான் என்று எனக்குத் தெரியாது.

முத்திரைக் கட்டையைக் கையில் எடுத்தபோது சக்கரத்தை 2-க்குத் திருப்பினேன். அரை நிமிட வேலை. யாருக்கும் தெரிந்திருக்காது, தபால் தாமதம் என்று நீ எண்ணியிருப்பாய். பிறகு மறுபடி 12-க்கே திருப்பி வைத்துத் தட்டினேன். உனக்கு மூன்று முறை பொய் எழுதியாகிவிட்டது, நான்காவதை இரும்பால் அடிக்கக் கை வரவில்லை.

மன்னிக்கச் சொல்லவில்லை. அம்மா கேட்டால் உறைகள் வந்து சேர்ந்தன என்று ஒரு வரி எழுது, மற்றதை நானே அவளிடம் சொல்கிறேன். இன்றைக்கே சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தின் மேலுள்ள தேதியையும் உறைமேல் உள்ள முத்திரையையும் பார். இரண்டும் ஒரே நாள்தான்.

ரிம்மா